பைத்தான் 2 விடைபெற்ற காலம்: சிப்பிகாட் கணினி வகுப்பின் வரலாற்றிலிருந்து

மலர்க் குழுவினர் எனக்குக் கொடுத்த பொறுப்பு, நம் வகுப்பில் நிரல்மொழி கற்பித்த வரலாற்றை எழுதுவது. வகுப்பு தொடங்கிய விதம், இடம் கொடுத்தவர்கள், நாற்காலி முதல் மின்விசிறி வரை தந்து உதவியவர்கள் எல்லாரையும் பற்றி இதே மலரில் வேறு கட்டுரைகள் உள்ளன. அவற்றைத் திரும்பச் சொல்லாமல், நாம் கடந்து வந்த ஒரே ஒரு திருப்பத்தை மட்டும் விரிவாகப் பதிவு செய்கிறேன். 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் என்ற நிரல்மொழியின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு உலகம் முழுவதும் முடிவுக்கு வந்தது. எங்கோ எடுத்த அந்த முடிவுக்கும் சனிக்கிழமைதோறும் சிப்பிகாட்டில் கூடும் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே சம்பந்தம் இருந்தது.

சிப்பிகாட்டை அறியாதவர் கைக்கும் இம்மலர் போகும் என்பதால் ஊரைப் பற்றி நாலு வரி. தெற்கு அந்தமானில், போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் தலைநகருக்குச் சற்றுத் தொலைவில், உப்பங்கழியை ஒட்டியிருக்கிறது நம் ஊர். கிராம்பும் ஜாதிக்காயும் இலவங்கப்பட்டையும் மிளகும் தென்னையும் வளரும் அரசுப் பண்ணையால்தான் வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இப்பகுதி நிலம் தாழ்ந்தது. சுனாமி அடங்கிய பிறகும் கடல்நீர் வடியவில்லை. நெல் விளைந்த வயல்கள் நீர்நிலைகளாகிவிட்டன. பிள்ளைகளுக்கு இனி வயலை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று பெற்றோர் பேசத் தொடங்கிய ஆண்டுகளில் உருவானது நம் வகுப்பு. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் என்று வீட்டுக்கு வீடு ஒரு மொழி. பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வார்கள். இந்தக் கலப்புக்கும் பைத்தான் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நீலத் திரைக் காலம்

பைத்தானுக்கு முன்னால் நாம் கற்பித்தது சி++. அந்தமான் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்; அதன் 11, 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் நெடுங்காலம் சி++தான் இருந்தது. பள்ளியில் நடந்ததை விடுமுறை நாளில் மறுபடி சொல்லிக்கொடுப்பதே நம் வகுப்பின் முதல் வேலை. அதனால் பள்ளியில் என்ன மென்பொருளோ அதுவே நம்மிடமும்: நீலத் திரையோடு வரும் டர்போ சி++. போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்டது அது. சி++ மொழிக்கான முதல் உலகத் தரம் 1998இல்தான் வந்தது. ஆக, நம் பிள்ளைகள் கற்றது தரம் வகுக்கப்படுவதற்கு முந்தைய சி++.

இது எங்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. புதிய கணினிகளில் டர்போ நேராக ஓட மறுத்தபோது டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் அடைத்து ஓட்டினோம். இந்தியாவில் எத்தனையோ பள்ளிகளும் கல்லூரிகளும் செய்தது இதைத்தான். சென்னைக்குப் படிக்கப் போன நம் மாணவர் ஒருவர், அங்கே லினக்ஸ் கணினியில் தன் முதல் நிரலை அடித்தபோது முதல் வரியிலேயே பிழை வந்தது. ‘ஐயோஸ்ட்ரீம்.எச்’ என்ற தலைப்புக் கோப்பே அங்கே கிடையாது. ‘வாய்டு மெயின்’ என்று எழுதியது தவறு என்றது கம்பைலர். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த வரிகள் அவை.

இதில் மாணவர் மேல் குற்றமில்லை, ஆசிரியர் மேலும் இல்லை. ‘இந்தப் பதிப்பு இன்ன தேதியோடு முடிகிறது, இதற்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள்’ என்று எங்கள் காதில் விழும்படி யாரும் சொல்லவில்லை. எந்த அறிவிப்பும் இல்லாமல் காலாவதியான ஒன்று, அறிவிப்பு இல்லாத காரணத்தாலேயே வகுப்பறைகளில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. பைத்தான் 2 முடிந்த விதத்தை நான் மதிப்பதற்கு இந்த அனுபவமே காரணம்.

இரண்டு பைத்தான்கள்

பைத்தான் நம் வகுப்புக்குள் வந்தது லினக்ஸ் வழியாக. சென்னையில் 1998 முதல் இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுவின் பக்கம் போய்வந்த நண்பர்கள், வரும்போதெல்லாம் குறுவட்டுகள் கொண்டுவருவார்கள். அவற்றில் பைத்தான் தானாகவே இருந்தது. ஒரு வரி எழுதினால் ஒரு விடை வரும். அரைப்புள்ளி மறந்தால் அழ வேண்டியதில்லை. சி++ வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட இதில் துணிந்து அடித்துப் பார்த்தார்கள். சி.பி.எஸ்.இ.யும் சி++க்கு மாற்றாகப் பைத்தானை எடுத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டிருந்தது. நாங்கள் பிடித்துக்கொண்டது 2.7 பதிப்பு.

அப்போதே பைத்தான் 3 இருந்தது. 2008 டிசம்பர் 3 அன்று அது வெளியாகிவிட்டது. 2.7 வந்தது அதற்குப் பிறகு, 2010 ஜூலை 3 அன்று. பழைய வரிசையின் கடைசிப் பதிப்பு இதுதான், இதற்கு மேல் 2.8 கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். இருந்தும் 2.7ஐயே எடுத்தோம். கையில் கிடைத்த புத்தகங்களும் மாதிரி வினாத்தாள்களும் அதில் இருந்தன. தேவையான லைப்ரரிகள் பலவும் அன்று 3க்கு வந்து சேரவில்லை. உலகம் முழுவதும் நிரலர்கள் இதே காரணத்தைச் சொல்லித்தான் ஆண்டுக்கணக்கில் 2.7இலேயே தங்கினார்கள்.

பழைய நிரல்கள் ஓடாமல் போகும் அளவுக்கு மொழியை ஏன் உடைத்தார்கள்? இதை உருவாக்கிய கீடோ வான் ரோசமும் உடனிருந்தவர்களும் பல திருத்தங்களைச் சேர்த்து வைத்திருந்து ஒரே நேரத்தில் செய்தார்கள். ‘பிரிண்ட்’டுக்கு அடைப்புக்குறி கட்டாயமானது எல்லாருக்கும் தெரிந்த மாற்றம். வகுத்தல் மாறியது அதைவிட முக்கியம். இரண்டு தேர்வின் மொத்தம் 157 என்றால், சராசரி கேட்டதும் பைத்தான் 2 ‘78’ என்று சொல்லிவிடும். அரை மதிப்பெண் பேச்சில்லாமல் போய்விடும். பைத்தான் 3இல் 78.5 வரும். ஆனால் மொழியை உடைத்தே ஆகவேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்த பெரிய காரணங்களில் ஒன்று எழுத்துகளைக் கையாளும் முறை. தமிழர்களாகிய நாம் நின்று பார்க்க வேண்டியது அதைத்தான்.

சிப்பிகாட் என்றால் எத்தனை?

பைத்தான் 2இல் மேற்கோள் குறிக்குள் ‘சிப்பிகாட்’ என்று அடித்து நீளம் கேட்டால், நம் லினக்ஸ் கணினி 30 என்றது. பைத்தான் 3 அதே கேள்விக்கு 10 என்றது. கரும்பலகையில் எழுதிக் கேட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தை சி, ப், பி, கா, ட் என்று எண்ணி 5 என்று சொல்லும்.

மூன்று விடைக்கும் காரணம் உண்டு. பழைய பைத்தானுக்கு அது எழுத்தே இல்லை, வெறும் பைட்டுகள். யூனிக்கோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். பத்துக் குறியீட்டுக்கு முப்பது. புதிய பைத்தான் பைட்டைத் தாண்டி வந்து யூனிக்கோடு குறியீடுகளை எண்ணுகிறது: ச, இகரக் குறி, ப, புள்ளி, ப, இகரக் குறி, க, கால், ட, புள்ளி. பத்து. நம் எழுத்துக் கணக்கான ஐந்துக்கு வர இன்னும் ஒரு படி ஏற வேண்டும். அந்தப் படியைக் கட்டியது நம்மவர்கள். முத்து அண்ணாமலை தொடங்கிவைத்து, தமிழ்க் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சேர்ந்து 2013 முதல் வளர்த்துவரும் ‘ஓபன்-தமிழ்’ என்ற பைத்தான் லைப்ரரி, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து 5 என்று சரியாகச் சொல்லும். தமிழிலேயே நிரல் எழுத அவர் உருவாக்கிய ‘எழில்’ மொழியும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதுதான்.

பெயரைத் திருப்பிப் போடும் பயிற்சி எல்லா வகுப்பிலும் உண்டு. ஆங்கிலப் பெயரைத் திருப்பினால் ஆங்கிலம் வரும். சிப்பிகாட்டைப் பைத்தான் 2இல் திருப்பினால் கட்டமும் கேள்விக்குறியுமாகக் குப்பை வரும். பைத்தான் 3இல் திருப்பினால் தனியே ஒரு புள்ளி நிற்க, அதன் பின்னால் ‘டாகிப்பிச’ என்று வரும். பிழைதான், ஆனால் படிக்க முடிகிற பிழை. உயிர்மெய்க் குறி தன் மெய்யை விட்டு அடுத்ததில் போய் ஒட்டிக்கொண்டது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஓபன்-தமிழ் வைத்துத் திருப்பினால் ‘ட்காபிப்சி’ என்று முறையாக வரும். தமிழ் எழுத்திலக்கணத்தை இவ்வளவு ஆர்வமாகப் பேசிய வேறொரு வகுப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்த பயிற்சி அரசுப் பண்ணைப் பயிர்களின் பட்டியல். கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு, தென்னை என்று ஐந்தையும் ஒரு பட்டியலில் இட்டு, அகர வரிசைப்படுத்தி, ‘பிரிண்ட்’ கொடுக்க வேண்டும். பைத்தான் 2இல் திரை முழுக்கச் சாய்கோடும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஓடியது. கிராம்பு எங்கே, மிளகு எங்கே என்று அடித்தவருக்கே தெரியாது. பைத்தான் 3இல் ஐந்து பெயரும் தமிழிலேயே வந்து நின்றன. வரிசையில் ஒரு குறை மட்டும் இருந்தது: ஜாதிக்காய் தென்னைக்கு முன்னால் வந்துவிட்டது. நம் அகராதிகளில் கிரந்த எழுத்து கடைசியில் வரும். யூனிக்கோடு அட்டவணையிலோ ஜகரம் சகரத்தை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. பழைய பதிப்பிலும் வரிசை அப்படித்தான் அமைந்திருக்கும், ஆனால் அந்தத் திரையைப் பார்த்து யாராலும் பிழை கண்டுபிடித்திருக்க முடியாது.

பல மொழிப் பிள்ளைகள் கூடியிருக்கும் வகுப்பு என்று சொன்னேன் அல்லவா? வருகைப் பதிவு நிரலில் அவரவர் பெயரை அவரவர் எழுத்தில் அடிக்கச் சொன்னோம். பைத்தான் 2இல் யூனிக்கோடாகக் குறித்த சரம் ஒன்றும் குறிக்காத சரம் ஒன்றும் சேர்ந்தால் போதும், நிரல் அப்படியே நின்றுவிடும். அஸ்கி அட்டவணையின் 128 இடங்களுக்குள் இந்த எழுத்து இல்லை என்று ஒரு பிழைச் செய்தி வரும். அந்த 128 இடத்தில் தமிழுக்கும் இடமில்லை, வங்காளத்துக்கும் தெலுங்குக்கும் இடமில்லை. தன் பெயரை வங்க எழுத்தில் அடித்த சிறுமி, “சார், என் பேர்லதான் தப்பா?” என்று கேட்டாள். “உன் பேர்ல ஒரு தப்பும் இல்லைம்மா, இந்தப் பதிப்புலதான் குறை” என்று சொன்னோம். அன்றிலிருந்தே 3க்கு மாற வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு உறுதியானது.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதும் அப்படியே. ‘மதிப்பெண் = 90’ என்று பைத்தான் 2இல் எழுதினால் பிழை; பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். வேலைக்குப் போகும் நிரலர்கள் ஆங்கிலப் பெயரே வைப்பார்கள், அதுவே நடைமுறைக்கு நல்லது. ஆனால் முதன்முதலில் கற்கும் பிள்ளைக்கு, மாறி என்றால் என்ன என்று புரியும் வரையாவது அவள் மொழியில் பெயர் வைக்க முடிவது பெரிய உதவி.

தேதி சொல்லி முடித்தார்கள்

பைத்தான் 2.7இன் ஆதரவு முதலில் 2015இல் முடிவதாக இருந்தது. 2014 ஏப்ரலில் மாண்ட்ரியலில் பைத்தான் நிரலர்களின் பைக்கான் மாநாடு நடந்த சமயத்தில் அதை 2020க்குத் தள்ளிவைத்தார்கள். இந்த ஐந்தாண்டு நீட்டிப்பைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள்: இரண்டு பதிப்பையும் சேர்த்துப் பராமரிப்பது தன்னார்வலர்களுக்குச் சுமை, தள்ளிப்போட்டால் யாரும் மாற மாட்டார்கள் என்றார்கள். சுமை உண்மைதான். ஆனாலும் நீட்டித்தது சரி என்பதே என் உறுதியான கருத்து. 2015இல் முடித்திருந்தால் நம்மைப் போன்ற இடங்கள் டர்போ சி++ போலவே பைத்தான் 2ஐயும் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கும். புத்தகம் மாற வேண்டும், பாடத்திட்டம் மாற வேண்டும், சொல்லிக்கொடுப்பவர் முதலில் கற்க வேண்டும். தீவில் இது எதுவும் ஒரே ஆண்டில் நடக்காது.

நீட்டித்தவர்கள் அதோடு சும்மா இருக்கவில்லை. பழைய நிரலைப் புதியதாக மாற்ற ‘டூ-டு-த்ரீ’ என்ற கருவி பைத்தானுடனேயே வந்தது. இரண்டிலும் ஓடும்படி எழுத ‘சிக்ஸ்’ என்ற சிறு லைப்ரரியை எழுதியவர் பெஞ்சமின் பீட்டர்சன், 2.7 பதிப்பின் வெளியீட்டுப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, அதுதான் அந்தப் பெயர். பெரிய திட்டங்களும் தங்கள் தேதிகளை வெளிப்படையாகச் சொல்லின. வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு பைத்தான் 3இல் மட்டுமே ஓடியது. கணக்கீட்டு லைப்ரரியான நம்பையில், 2019 தொடக்கத்தில் வந்த 1.16 பழைய பைத்தானை ஆதரித்த கடைசித் தொடர். அதே சமயத்தில், லைப்ரரிகளை நிறுவ உதவும் ‘பிப்’ கருவியும், 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2.7இன் ஆயுள் முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கையைத் திரையில் காட்டத் தொடங்கியது. இனித் தள்ளிப்போட முடியாது என்று எங்களை உட்கார வைத்தது அந்த வரிதான்.

பாடத்திட்டமும் அப்போதுதான் மாறியது. சி.பி.எஸ்.இ. 2018-19இல் 11ஆம் வகுப்புக்கும் மறு ஆண்டு 12ஆம் வகுப்புக்கும் பைத்தானை மையமாக வைத்த புதிய பாடத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு அரசின் புதிய 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் 2019இல் வெளிவந்தது. அதிலும் பைத்தான் 3, அதுவும் தமிழ்வழியில். நம் பிள்ளைகளுக்கு அது பாடநூல் இல்லை என்றாலும் மாறி, செயற்கூறு, மடக்கு என்ற சொற்களை அதிலிருந்தே எடுத்துக்கொண்டோம். தமிழ்வழிப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கு அந்த நூல் கைவிளக்காக இருந்தது.

மாற்றத்தில் எங்களுக்கு உண்மையான கஷ்டம் இணையம். அன்று அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. 30 எம்.பி.கூட இல்லாத பைத்தான் 3 நிறுவல் கோப்பு பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் சென்னையில் இருந்த முன்னாள் மாணவர்கள்தான் கைகொடுத்தார்கள். நிறுவல் கோப்புகள், நம்பை, மேட்பிளாட்லிப், ஓபன்-தமிழ் எல்லாவற்றையும் ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் ஒரு கோப்புறையில் இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்று விமானத்தில் வந்தது, ஒன்று கப்பலில் வந்தது. இணையமே தொடாமல் அந்தக் கோப்புறையிலிருந்து நிறுவிக்கொள்ள பிப்பில் வழி இருக்கிறது என்பதை அப்போதுதான் கற்றோம். அந்த மாணவர்களுக்கு இம்மலரின் வழியாக நன்றி சொல்வது என் கடமை.

பிறகு பழைய கோப்புகளின் வேலை. சேர்த்து வைத்திருந்த பயிற்சி நிரல்களை டூ-டு-த்ரீ கருவியில் ஓட்டினோம். அடைப்புக்குறிகளை அது தானே போட்டுக்கொண்டது. ‘ரா இன்புட்’ என்பதை ‘இன்புட்’ ஆக்கிக்கொண்டது. சரம் எது, பைட் எது என்று பிரிக்க அதனால் முடியவில்லை. அதை வரிவரியாக நாங்களே பார்த்தோம். தமிழ் வரும் இடங்களில் முன்பு பிழையைத் தவிர்க்க இட்டிருந்த ஒட்டுவேலைகளையெல்லாம் நீக்க நீக்க, நிரல் ஒவ்வொன்றும் பாதியாகச் சுருங்கியது.

2020 ஜனவரி 1 வந்தது. எந்தக் கணினியும் நிற்கவில்லை. ஆதரவு முடிவது என்றால் மென்பொருள் ஓடாது என்று பொருளில்லை. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர யாரும் இல்லை, அவ்வளவுதான். அதுவரை செய்த திருத்தங்களைச் சேர்த்து 2.7.18 என்ற கடைசி வெளியீடு ஏப்ரல் 20 அன்று வந்தது. அப்போது நாடு ஊரடங்கில் இருந்தது, வகுப்பும் மூடியிருந்தது. எங்களை வாட்டிய இணையக் குறைக்கு விடையாக, ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழைக் கேபிளைப் பிரதமர் தொடங்கிவைத்தார்: சுமார் 2,300 கி.மீ. நீளம், 1,224 கோடி ரூபாய்ச் செலவு. 2021 ஜனவரியில் வந்த பிப் 21.0 பைத்தான் 2ஐ முழுவதுமாகக் கைவிட்டது. அதற்குள் நம்மிடம் பைத்தான் 2 இருந்த கணினி ஒன்றுகூட இல்லை.

பணம் இருந்தவர்கள் காலத்தை விலைக்கு வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் ஏழாம் பதிப்பு வாடிக்கையாளர்களுக்கு 2024 ஜூன் வரை பைத்தான் 2.7ஐப் பராமரித்துக் கொடுத்தது. வங்கியும் தொழிற்சாலையும் அப்படி வாங்கிக்கொள்ளலாம். பணம் இல்லாதவர்களுக்குக் கிடைக்கக்கூடியது முன்னறிவிப்பு ஒன்றுதான், அது எங்களுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு முன்பே கிடைத்தது.

இப்போது பைத்தான் 3இல் ஆண்டுக்கொரு பதிப்பு அக்டோபரில் வருகிறது; ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. 3.8 2024 அக்டோபரிலும், 3.9 மறு ஆண்டிலும் முடிந்தன. அடுத்து 3.10, அதன் கெடு 2026 அக்டோபர். இந்தத் தேதிகளை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். புதிய பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் எல்லாக் கணினிகளின் பதிப்பையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி நிரல்களைப் புதிய பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். பழைய 2.7 நிரல்களின் மூலப்படி அலுவலக அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. எந்த வரி ஏன் மாறியது என்று அறிய விரும்பும் மாணவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.